‘லைன் இல்லை’ என்றால் எது இல்லை?



2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தேன். லயத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்கையில் அந்த வீட்டு அம்மா தம்முடைய கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “சார், பத்து நாளாக லைன் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர் அனுப்பும் பாடம் எதுவும் இறங்க மாட்டேன் என்கிறது. சுற்றிக் கொண்டே நிற்கிறது. காசு தீர்ந்து போயிற்றோ என்று மூன்று தடவை டாப்-அப் போட்டுப் பார்த்து விட்டேன்” என்றார். தடவைக்குப் பத்து வெள்ளி. முப்பது வெள்ளி என்பது அந்த வீட்டில் ஒரு நாள் சம்பளத்தில் பெரும் பகுதி.

நான் தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். மேலே கோடுகள் நிறைய நின்றன. அதே தொலைபேசியில் அவர் தம் தங்கையை அழைத்தார். பேச்சு தெளிவாகப் போயிற்று. அப்படியானால் லைன் இருக்கிறது. இருந்தும் பாடம் வரவில்லை. இல்லாமற் போனது எது? அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. விடையை இப்போதே சொல்லி விடலாம். ஆனால் அந்தச் சிறு கருவிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்து கொண்டு, பிறகு அந்தத் திண்ணைக்குத் திரும்பி வருவதே நல்லது.

‘லைன்’ என்பது கம்பிக் காலத்துச் சொல். தோட்டத்து அலுவலகத்தில் ஒரே ஒரு தொலைபேசி இருந்த காலத்தில், கம்பி அறுந்தால் லைன் இல்லை, அறுந்த கம்பியைக் கட்டினால் லைன் உண்டு. இணையம் அப்படிப்பட்டதன்று. அதில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல வேலைகள் நடக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகக் கெட்டுப் போகக் கூடியது. எது கெட்டாலும் நாம் சொல்லுவதோ ஒரே வார்த்தை. பல்வலிக்கும் வயிற்றுவலிக்கும் காய்ச்சலுக்கும் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் தோட்டத்து டிரசர் எந்த மருந்தைத்தான் கொடுப்பார்?

நம் பெரியவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதிய காலத்தை எண்ணிப் பாருங்கள். தாத்தா உட்கார்ந்து தமிழில் எழுதுவார். எழுதத் தெரியாதவர் யாரையாவது எழுதச் சொல்லுவார். கடிதம் உறைக்குள் போகும். உறையின் மேல் முகவரி. அஞ்சலகத்தில் இருந்தவர் கடிதத்தைப் படிக்கவில்லை. முகவரியையும் தபால் தலையையும் மட்டும் பார்த்தார். அவர் அதை ஒரு மூட்டையில் போட்டார். மூட்டையை ஏற்றியவர்கள் உறையைக் கூடப் பார்க்கவில்லை. மூட்டையில் கட்டிய அட்டையை மட்டும் பார்த்தார்கள். அக்கரையில் மூட்டையை இறக்கியவர் மூட்டையோடு நின்று கொண்டார். தபால்காரர் உறையோடு நின்று கொண்டார். கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் பாட்டி மட்டுமே.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம்: இருவருக்கும் தமிழ் தெரியும். இந்த அஞ்சலகத்துக்கும் அந்த அஞ்சலகத்துக்கும் இடையே வேறோர் ஒப்பந்தம்: முகவரியை எப்படி எழுதுவது, தபால் தலை எவ்வளவு. மூட்டை தூக்குபவர்களுக்குள் இன்னோர் ஒப்பந்தம். ஒவ்வொருவரும் அக்கரையில் உள்ள தம்மைப் போன்றவரோடுதான் ‘பேசுகிறார்’. ஆனால் கையால் கொடுப்பது மட்டும் தமக்குக் கீழே உள்ளவரிடம். கப்பலில் போன கடிதம் பின்னாளில் விமானத்தில் போனது. அதற்காகத் தாத்தா எழுதும் முறையை மாற்றினாரா? பாட்டி படிக்கும் முறையை மாற்றினாரா? இல்லை. அடியில் உள்ள வண்டி மாறிற்று. மேலே இருந்தவர்களுக்கு அது தெரியவே தேவையில்லை.

கணினிகளுக்கு இடையே உள்ள இத்தகைய ஒப்பந்தத்திற்கு நெறிமுறை என்று பெயர். நெறிமுறைகளை இப்படி மேலும் கீழுமாகப் பிரித்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு அடுக்கு முறை என்று பெயர். அடுக்கு என்றதும் அடுக்குச் சட்டியை நினைக்க வேண்டாம். அதில் சோறு ஒரு தட்டிலும் குழம்பு ஒரு தட்டிலும் தனித்தனியாக இருக்கும். இங்கே நடப்பது உறைக்குள் உறை, அதற்கு மேல் இன்னோர் உறை.

பட்டணத்தில் இருக்கும் ஆசிரியர் கணக்குப் பாடம் எழுதிய பலகையைப் படம் எடுத்து அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். கணினிக்குள் படமும் எழுத்தும் குரலும் எல்லாம் எண்கள்தாம். 0 முதல் 255 வரை ஓர் எண் அடங்கும் சிறு அறைக்குப் பைட் என்று பெயர். அந்தப் படம் ஒரு 300,000 பைட் இருக்கட்டும். மேல் அடுக்கில் இருக்கும் செயலி, “இது ஒரு படம், இன்னாருக்குப் போக வேண்டும்” என்று எழுதி வைக்கிறது. அதற்கு அடுத்தபடியாக, வழியில் யாரும் படிக்காதபடி பூட்டுப் போடும் வேலை நடக்கிறது.

அடுத்த அடுக்குக்கு டி.சி.பி. என்று பெயர். 300,000 பைட்டும் ஒரே மூட்டையாகப் போக முடியாது. பெரும்பாலான வழிகளில் ஒரு தடவைக்கு 1,500 பைட் வரைதான் ஏற்றுவார்கள். அதிலும் முகவரி முதலியவற்றுக்கு 40 பைட் போய்விடும். ஆகவே டி.சி.பி. அந்தப் படத்தைச் சுமார் 200 துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் போடுகிறது. அனுப்பிய துண்டின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக் கொண்டு, “வந்து சேர்ந்தது” என்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் அதே துண்டை மறுபடி அனுப்புகிறது. வாங்கும் பக்கத்தில் உள்ள டி.சி.பி., முன்பின்னாக வந்த துண்டுகளை எண் பார்த்து வரிசைப்படுத்தி, முழுப் படமாக்கி மேலே கொடுக்கிறது.

டி.சி.பி. தன் துண்டைக் கொடுப்பது ஐ.பி. என்னும் அடுக்கிடம். இதன் வேலை முகவரி எழுதுவது. எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு எண் முகவரிகள். கூடவே ஒரு சின்னக் கணக்கும் எழுதப்படும். கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் 64 என்று தொடங்கும். வழியில் ஒவ்வொரு ரூட்டரும், அதாவது பொட்டலங்களைத் திசை பிரித்து அனுப்பும் ஒவ்வொரு கருவியும், அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யம் ஆகிவிட்டால் அந்தப் பொட்டலம் எறியப்படும். வழி தவறிய பொட்டலம் முடிவில்லாமல் சுற்றிக் கொண்டிராமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஐ.பி.க்குக் கீழே இருப்பது வண்டி. ஆசிரியர் வீட்டில் அது வைஃபை அலை. வீட்டுக்கு வெளியே கண்ணாடி இழைக் கம்பி. கடலுக்கு அடியிலும் கண்ணாடி இழைதான். தோட்டத்துக்கு அருகில் உள்ள கோபுரத்திலிருந்து லயத்து வீட்டுக்கு மறுபடியும் வானலை. வண்டி மாறும் ஒவ்வொரு இடத்திலும் வெளி உறை மட்டும் பிரிக்கப்பட்டு, அடுத்த வண்டிக்கு ஏற்ற புது உறை போடப்படும். உள்ளே இருக்கும் படத்தை யாரும் தொடுவதில்லை. வழியில் அந்தச் செயலி நிறுவனத்தின் கணினி ஒரு முறை வாங்கி மறுபடி அனுப்புகிறது; அந்த இரண்டாவது பயணமும் இதே விதமாகத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஐ.பி.யின் குணம். அது எந்த உறுதியும் கொடுப்பதில்லை. “என்னால் ஆனதைச் செய்கிறேன், பொட்டலம் தொலைந்தால் நான் பொறுப்பில்லை” என்பதுதான் அதன் ஒப்பந்தம். இப்படிப்பட்டவரை எந்தத் தோட்டத்திலும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். ஆனால் இணையம் உலகம் முழுவதும் பரவியதற்கு இந்தக் குறைந்த வாக்குறுதியே காரணம் என்பது என் கருத்து. எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும், எவ்வளவு மெதுவான வழியாக இருந்தாலும், “ஆனதைச் செய்கிறேன்” என்ற அளவுக்காவது அதனால் வாக்குக் கொடுக்க முடியும் அல்லவா? உறுதி வேண்டும் என்றால் அதை இரண்டு முனையிலும் இருக்கும் டி.சி.பி. பார்த்துக் கொள்கிறது.

இதை வகுத்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர். 1974-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் அடிப்படை. அப்போது அவர்களுக்கு இருந்த சிக்கல் இது: கம்பி வழிக் கணினி வலை ஒன்று, வானொலி அலையால் இயங்கும் வலை ஒன்று, துணைக்கோள் வழியாக இயங்கும் வலை ஒன்று. மூன்றும் மூன்று விதம். எந்த வலையையும் மாற்றி அமைக்காமல் மூன்றையும் இணைக்க வேண்டும்.

1977-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோ அருகே நெடுஞ்சாலையில் ஓடிக் கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து வானலை வழியாகப் பொட்டலங்கள் கிளம்பின. கம்பி வலையில் அமெரிக்காவைக் கடந்தன. துணைக்கோள் வழியாக அட்லாண்டிக் கடலைத் தாண்டி நார்வே, பிறகு லண்டன். அங்கிருந்து மறுபடி துணைக்கோள் வழியாக அமெரிக்கா. கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் உள்ள ஒரு கணினி. வேனுக்கும் அந்தக் கணினிக்கும் இடையே நேர் வழியில் சில நூறு கிலோமீட்டர்தான். துணைக்கோள் இருக்கும் உயரத்தையும் சேர்த்தால் பொட்டலங்கள் சுற்றிய தூரம் சுமார் 150,000 கிலோமீட்டர். எல்லாம் வந்து சேர்ந்தன. மூன்று விதமான வண்டியில் ஏறி இறங்கியது வேனில் இருந்த கணினிக்குத் தெரியாது.

இவ்வளவு சொல்லியும் அவர்கள் முதலில் ஒரு தவறு செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1974-இல் டி.சி.பி.யும் ஐ.பி.யும் தனித்தனியாக இல்லை. முகவரி எழுதுவது, தொலைந்ததை மறுபடி அனுப்புவது என எல்லாம் ஒரே தலையில் கட்டப்பட்டிருந்தன. 1977-இல் ஜான் போஸ்டல் என்பவர், அடுக்கு முறையை நாமே மீறிக் கொண்டிருக்கிறோம் என்று கடுமையாகவே எழுதினார். குரலை அனுப்பிப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். 1978-இல் இரண்டும் பிரிக்கப்பட்டன. 1983 ஜனவரி 1-ஆம் நாள் அந்தக் கம்பி வலை முழுவதும் புதிய முறைக்கு மாறியது.

குரலுக்கு ஏன் இந்தப் பிரிவினை தேவைப்பட்டது? 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட நாட்களில், வீட்டிலிருந்தே படித்த பிள்ளைகள் இதைக் காதால் கேட்டிருக்கிறார்கள். நேரடி வகுப்பில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக உடையும். முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதே ஆசிரியர் அனுப்பிய படமோ தாமதமாக வந்தாலும் முழுமையாக வரும், பாதி எழுத்து காணாமல் வராது. ஒரே தொலைபேசி, ஒரே கோபுரம். பிறகு ஏன் இந்த வேற்றுமை?

படத்துக்கு அவசரமில்லை. ஒரு துண்டு தொலைந்தால் டி.சி.பி. மறுபடி வரவழைத்துக் கொள்ளும். பேச்சு அப்படியன்று. “ஏழும் ஐந்தும்” என்று ஆசிரியர் சொன்னதில் ‘ஐந்தும்’ தொலைந்து, அதை மூன்று விநாடி கழித்து வரவழைத்து என்ன பயன்? அதற்குள் அவர் “பன்னிரண்டு” என்று சொல்லியிருப்பார். காத்திருந்தால் எல்லாப் பேச்சும் பின்தங்கும். ஆகவே பேச்சுக்கும் நேரடி ஒளிக்காட்சிக்கும் பெரும்பாலும் யு.டி.பி. என்னும் வேறொன்றைப் பயன்படுத்துகிறார்கள். அது தொலைந்ததைத் தேடுவதில்லை. போனது போகட்டும் என்று அடுத்ததை அனுப்பும். குரல் உடைவதன் காரணம் இதுதான். சபா மாநிலத்தில் ஒரு மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த செய்தி 2020-இல் நாடெங்கும் பேசப்பட்டது. உயரத்தில் அலை தடையின்றிக் கிடைத்தது. பொட்டலங்கள் தொலைவது குறைந்தது. டி.சி.பி.யும் யு.டி.பி.யும் எவ்வளவு திறமையாக இருந்தாலும் வண்டியே இல்லாத ஊரில் ஒன்றும் செய்ய முடியாது.

வண்டி இருந்தும் வழி அடைத்துக் கொள்வது உண்டு. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில், சில நூறு மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஆய்வு இடங்களுக்கு நடுவே, விநாடிக்கு 32,000 பிட் போய்க் கொண்டிருந்த இடத்தில் 40 பிட் என்ற அளவுக்கு வேகம் சரிந்தது. பிட் என்பது பைட்டில் எட்டில் ஒரு பங்கு. கம்பி அறுபடவில்லை. நடந்தது என்ன தெரியுமா? வழியில் நெரிசல், ஆகவே பொட்டலங்கள் தொலைந்தன. பதில் வராததால் ஒவ்வொரு கணினியும் மறுபடி அனுப்பிற்று. அதனால் நெரிசல் இன்னும் கூடிற்று. மழைக்காலச் செம்மண் சாலையில் ஒரு லாரி சிக்கிக் கொண்டால், பின்னால் வரும் லாரிகள் நிற்காமல் முட்டிக் கொண்டு வந்து நிற்பதைப் போல.

வான் ஜேக்கப்சன் என்பவரும் மைக்கேல் கேரல்ஸ் என்பவரும் இதற்கு வழி கண்டார்கள். 1988-இல் அது வெளியாயிற்று. பொட்டலம் தொலைந்தால் வழி நெருங்கியிருக்கிறது என்று பொருள் கொள். உடனே உன் வேகத்தைக் குறை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. இவ்வளவுதான். இதைக் கட்டளையிட நடுவில் அதிகாரி யாரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானாகவே ஒதுங்கி வழி விடுகிறது. திருத்தம் இரு முனைகளிலும் உள்ள டி.சி.பி.யில் மட்டும் செய்யப்பட்டது. ஐ.பி.யையோ, கம்பியையோ, மேலே உள்ள செயலிகளையோ தொடவில்லை. ஓர் அடுக்கில் உள்ள நோய்க்கு அந்த அடுக்கில் மட்டும் மருந்து கொடுக்க முடிந்தது.

அடுக்குகள் எத்தனை என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். 1984-இல் அனைத்துலகத் தர அமைப்பு ஏழு அடுக்கு என்று ஒரு திட்டத்தை வெளியிட்டது. பாடநூல்களில் இருப்பது அதுதான். நடைமுறையில் இணையத்தை நான்கு என்றும் ஐந்து என்றும் எண்ணுகிறார்கள். தேர்வில் ஏழு என்றே எழுதட்டும்.

எண்ணிக்கையைக் காட்டிலும் வடிவம் முக்கியம். கோயிலில் அடிக்கும் உடுக்கையை நினைத்துக் கொள்ளுங்கள். மேற்புறம் அகலம், கீழ்ப்புறம் அகலம், இடுப்பு மட்டும் ஒடுக்கம். மேற்புறத்தில் ஆயிரம் வேலைகள்: கடிதம், படம், பாட்டு, பேச்சு, வங்கி, பள்ளிக்கூடம். கீழ்ப்புறத்தில் பல வண்டிகள்: செப்புக் கம்பி, கண்ணாடி இழை, வைஃபை, கோபுரத்து அலை, துணைக்கோள். நடு இடுப்பில் ஐ.பி. ஒன்றே. மேலே புதிதாக எதைச் சேர்த்தாலும் கீழே யாரையும் கேட்க வேண்டியதில்லை. கீழே எந்த வண்டியை மாற்றினாலும் மேலே யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இடுப்பை மாற்றுவது மட்டும் மிகக் கடினம். பழைய ஐ.பி.யில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளுக்குத்தான் இடம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்து விட்டது. மிகப் பெரிய முகவரி கொண்ட புதிய ஐ.பி. 1990-களிலேயே வகுக்கப்பட்டது. ஆனாலும் பழையதும் புதியதும் இன்னும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடிக் கொண்டிருக்கின்றன.

இப்போது அந்தத் திண்ணைக்கு வருவோம். அந்த அம்மாவின் தொலைபேசி பழையது. 3ஜி வரைக்கும்தான் அதற்குத் தெரியும். மலேசியாவில் 2021-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 3ஜி சேவை மூடப்பட்டு, அந்த இடம் 4ஜிக்குக் கொடுக்கப்பட்டது. உடுக்கையின் கீழ்ப்புறத்தில் ஒரு வண்டியை எடுத்து விட்டார்கள். 4ஜி தெரிந்த தொலைபேசிகளுக்கு எதுவும் ஆகவில்லை. செயலியை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்தத் தொலைபேசிக்கோ மிஞ்சியது அதற்கும் முந்திய 2ஜி ஒன்றுதான். அதில் பேசலாம், ஆகவே தங்கையோடு பேச முடிந்தது. கோடுகளும் நிறைய காட்டும். அவை அலையின் பலத்தைக் காட்டுமே தவிர வண்டியின் வேகத்தைக் காட்டா. கோடுகளின் பக்கத்தில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்துச் சின்னதாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கிற்று. மாட்டுவண்டி வேகத்தில் படம் எப்படி இறங்கும்? முப்பது வெள்ளிக்கு அல்ல, முந்நூறு வெள்ளிக்கு டாப்-அப் போட்டிருந்தாலும் பாடம் வந்திராது. வண்டி மாறினால் மேலே உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்று முன்பு சொன்னேன். ஏறிக் கொள்ளத் தெரியாதவர் பின்தங்கி விடுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி இருக்கும் குடும்பத்தில் அப்படிப் பின்தங்குவது ஒரு பிள்ளையின் படிப்பு.

மேல் அடுக்கிலும் இப்படி நடப்பதுண்டு. அதற்கு நம் தமிழே சாட்சி. 1990-களில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைத் தனக்குத் தோன்றியபடி வைத்திருந்தது. இங்கே எழுதி அனுப்பிய கடிதம் அங்கே ஒரு பைட்கூடத் தொலையாமல் போய்ச் சேரும். திறந்து பார்த்தால் தமிழ் இருக்காது. தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். வண்டி, முகவரி, வரிசை எண் என எல்லா அடுக்கும் தம் கடமையைச் செய்து விட்டன. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இருந்த அந்த முதல் ஒப்பந்தம் மட்டும் இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்களில், ‘இணையம்’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டு வந்தவராக நினைவுகூரப்படும் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியும், முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியர் முத்து நெடுமாறனும் நம் பகுதியைச் சேர்ந்தவர்கள். பிறகு யூனிகோடு என்னும் பொது எண் முறை எல்லாக் கருவிகளிலும் பரவியது. இப்போது ‘வணக்கம்’ என்று நீங்கள் எழுதினால் அது 21 பைட்டாக எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே ‘வணக்கம்’ என்றே விரியும். இதற்காக ஐ.பி.யோ கடலடிக் கம்பியோ தமிழ் கற்றுக் கொள்ளவில்லை.

ஆகவே அடுத்த முறை “லைன் இல்லை” என்று சொல்லத் தோன்றும்போது கொஞ்சம் நிதானித்து, கீழிருந்து மேலாகப் பாருங்கள். கோடே இல்லையென்றால் அலை வந்து சேரவில்லை. வீட்டு வாசலிலும் மேட்டிலும் நின்று பார்த்தால் தெரிந்து விடும். செம்பனை ஓலைகள், அதிலும் மழையில் நனைந்த ஓலைகள், அலையைக் குறைக்கும். கோடு இருக்கிறது, பேச முடிகிறது, ஆனால் எந்தச் செயலியும் வேலை செய்யவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள்: கோட்டின் பக்கத்தில் 4ஜி என்று இருக்கிறதா, இணையத்துக்கான அளவு மீதி இருக்கிறதா என்று. அளவு தீர்ந்திருந்தால் மட்டுமே டாப்-அப் போடுவதில் பொருள் உண்டு. பக்கத்து வீட்டாருக்கு வருகிறது, உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் குறை உங்கள் தொலைபேசியிலோ கணக்கிலோ இருக்கும். ஒரு செயலி மட்டும் நின்று மற்றவை ஓடினால் குறை உங்களுடையதே அன்று. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி, நம் நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் நின்று போயின. அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகும் வழி ரூட்டர்களின் பட்டியலிலிருந்து தவறுதலாக நீங்கி விட்டது. கணினிகள் நன்றாக இருந்தன, கோபுரங்களும் நன்றாக இருந்தன. முகவரிக்கு வழி சொல்லத்தான் யாரும் இல்லை.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையப் பக்கத்தின் மேலே சின்னப் பூட்டுப் படம் தெரிந்தால், வழியில் யாரும் உறையைப் பிரிக்க முடியாது என்று பொருள். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று பொருளில்லை. ஏமாற்றுக்காரனும் தன் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டு வைக்கலாம். வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்க எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்பவர் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. அவர் சாவியை உங்கள் வாயிலிருந்தே வாங்கிக் கொள்கிறார். இந்த இடத்தில் எந்த அடுக்கும் நமக்குக் காவல் இல்லை.

முறையிட வேண்டி வந்தாலும் இந்த அறிவு உதவும். “எங்கள் தோட்டத்தில் லைன் இல்லை” என்று எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை வீடுகள், எந்த நேரம், கோடு இருந்ததா, பேச முடிந்ததா, 4ஜி என்று காட்டியதா, எந்தெந்தச் செயலி ஓடியது, எது ஓடவில்லை என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் போதும். ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி விடும். அதை முதலில் சேவை கொடுக்கும் நிறுவனத்துக்கும், பதில் இல்லையென்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் அனுப்பலாம். பேராக்கில் நான் பார்த்த அந்த அம்மா பிறகு 4ஜி தெரிந்த பழைய தொலைபேசி ஒன்றை வாங்கினார். மகனுடைய பாடங்கள் பத்து நாளைக்குச் சேர்ந்து கிடந்தன. அன்று மாலையே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.